முன்னால் வரும் ‘மா’

நேற்று ரெக்ஸ்டேல் பஸ்ஸில் பின்னால் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். இடையிடையே ஒரு ‘மா’ காதில் விழ, படாரென்று திரும்பினேன். கேட்டால், சோமாலியாம். உம்முடைய சாஹோவுக்குச் சொந்தக்கார மொழிதான். ஆனாலும் அங்கே நீர் இல்லையே.

நாம் சாண்ட்விச் பொதி செய்த வேலையிடத்தில் எல்லோரும் உம்மை எதியோப்பியாக்காரி என்பார்கள். “எரித்திரியா. அதிலயும் சாஹோ,” என்று சலிக்காமல் திருத்துவீர். அந்த மொழியில் கதைக்க இந்த ஊரில் உமக்கு ஒருவரும் வாய்க்கவில்லை. மகனும் ஆங்கிலத்தோடு நின்றுவிட்டான். அதனால்தானோ என்னவோ, நம் உடைந்த ஆங்கிலத்தில் எனக்கு இலக்கணம் நடத்தினீர். தமிழைப்போலவே சாஹோவிலும் வினை கடைசியில்தானாம். “ஆனா ‘இல்லை’க்கு உங்களை மாதிரி நாங்கள் கடைசிவரை காக்க வைக்கிறேல்லை. வினைக்கு முன்னாலயே ‘மா’ வந்திடும்,” என்று பெருமையடித்தீர்.

ஊரில் போர் முடிந்த அந்த மே மாதம், சாப்பாட்டு இடைவேளையில் என் தம்பியைத் தேடிக்கொண்டிருந்த சித்தப்பா வவுனியாவிலிருந்து எடுத்தார். “பிள்ளை, தம்பி முகாமில...” அத்தோடு லைன் அறுந்தது. என்ன சொன்னார் என்று கேட்டீர். சொல்லுக்குச் சொல் சொன்னேன். “மா வரேல்லைத்தானே? அப்ப இருக்கிறான்!” என்று கட்டிப்பிடித்தீர். எங்களுக்கு ‘இல்லை’ இனித்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் உம்மை நம்பினேன். சந்தோஷமாக இருந்தது.

வேலை முடியுமுன் சித்தப்பா திரும்ப எடுத்தார். தம்பி முகாமில் இல்லை. எந்த முகாமிலும் இல்லை. நீர் என் கையுறையைக் கழற்றிவிட்டு, கையைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தீர்.

உம்முடைய கடைசி நாட்களில் ஆங்கிலமெல்லாம் கழன்றுபோய் சாஹோ மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க வந்தவருக்கு அது தெரியாது, கையை விரித்துவிட்டார். மகன் என்னைக் கூப்பிட்டான். ஓடி வந்தேன். என் விரலைப் பிடித்து ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னீர். ‘மா’ தெளிவாகக் கேட்டது. அதற்குப் பின்னால் வந்த வினைதான் விளங்கவில்லை. தண்ணீர் நீட்டினேன். போர்வையை இழுத்துவிட்டேன். எதற்கும் அதே வசனம்.

பாவி நான், இத்தனை வருடப் பழக்கத்தில் நாலு வினைச்சொல்லாவது கேட்டு வைத்திருக்கலாமே! போகாதே என்றீரா? பயமில்லை என்றீரா?

“அம்மா என்னவாம், அன்ரி?” என்று ஆங்கிலத்தில் கேட்டான் மகன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நோகவில்லையாம் என்று சொன்னேன். நம்பிவிட்டான்.