லோறன்ஸுக்கு விழுந்த அட்டை

ஒஸ்லோ,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள லோறன்ஸ்,

நீ அங்கே சுகமென்று உன் அம்மா சொன்னா. என் சுகத்தை நீ கேட்கமாட்டாய், நானும் சொல்லப்போவதில்லை. போனில் என்னை பிளொக் பண்ணி வைத்திருக்கிறாய். பெர்கன் தபால்காரரை உன்னால் பிளொக் பண்ண இயலாது என்ற துணிவில் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைத் திட்டு. மற்றப் பிழைக்கு என்னை.

முதலில் செய்தி. அனுஷன் இன்னும் முதலாம் பாடத்துக்குப் பிந்தித்தான் வருகிறான். நீ அவனுக்கு வைத்த 'சோம்புராய்' பட்டத்தை முந்தநாள் நான் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. ஜப்பானைப் பற்றி வகுப்பில் செய்த வேலைக்கு எங்கள் ஆசிரியர் ஆன்ட்ரியாஸ் எனக்கு ஆறு போட்டார். வரலாற்றுப் பாடத்தில் மூன்றைத் தாண்டாத எனக்கு ஆறு! இதற்கு மேல் இங்கே புள்ளி இல்லை. இதற்குக் கீழே போக எனக்கும் இடமில்லை.

அந்த ஆறு எப்படி வந்தது என்பதில் பாதிதான் உனக்குத் தெரியும்.

பழைய ஜப்பானில் மலைக்கும் ஆற்றுக்கும் தெய்வம் இருந்தது, சாவும் இரத்தமும் தீட்டு, தீட்டைப் போக்க உப்பு என்றெல்லாம் வகுப்பில் அளந்தேன் அல்லவா? பிறகு ஆளுக்கொரு நிலை எடுக்க அட்டைகள். பிரபு, சாமுராய், வயல் உழும் கமக்காரர், கைவினைஞர், வியாபாரி. அவர்களுக்கும் கீழே, கணக்கிலேயே எடுக்கப்படாதவர்கள். பிணம் புதைத்தவர்கள், தோல் பதனிட்டவர்கள். அந்த அட்டை விழுந்தவர் கதவோரம் நிலத்தில் இருக்க வேண்டும், அவரைத் தொட்டவர் உப்பால் கை கழுவ வேண்டும் என்று விதி வைத்தது நான். உப்பு எங்கள் குசினியிலிருந்து வந்தது.

அட்டைகள் போட்ட தொப்பியை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தேன். உன் முறை வந்தபோது தொப்பிக்குள் இருந்தது அந்த ஒரே அட்டைதான். மற்றவை என் சட்டைக் கைக்குள்.

நீ அட்டையைப் புரட்டுவதற்கு முன்னமே அனுஷன் சிரித்துவிட்டான். அதில்தான் உனக்கு விளங்கியது. நோர்வேக்காரப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஆன்ட்ரியாஸ் நல்ல யோசனை என்று தலையாட்டினார். இருபத்தாறு பேர் இருந்த வகுப்பில் அந்தப் பகிடி மூன்று பேருக்குத்தான் விளங்கியது. இதைத் தமிழில் எழுதுவதும் அதனால்தான். நான் செய்தது தமிழில் நடந்தது.

மணி அடிக்கும்வரை கதவோரம் இருந்தாய். வெளியே வந்து, 'உனக்கு ஆர் சொன்னது?' என்று மட்டும் கேட்டாய். 'என்னத்தை?' என்றேன். அது இரண்டாவது அசிங்கம்.

பதிலை இப்போது சொல்கிறேன். அம்மா. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கிளாஸில் கோலா, உனக்கு மட்டும் கடதாசிக் கப். நீ கிளாஸ் உடைக்கிற ஆள் என்றுதான் எட்டு வருடம் நினைத்திருந்தேன். போன மாதம் அம்மாவைக் கேட்டேன். 'அவையள் எங்கட ஆக்கள் இல்லையடா. ஊரில எங்கட படி ஏறமாட்டினம்' என்றா, வெங்காயம் வெட்டிக்கொண்டே. சாதி என்ற சொல்லைக்கூட எடுக்கவில்லை. நான் சண்டை பிடித்திருக்க வேண்டும். எனக்கோ புதுப் பகிடி ஒன்று கிடைத்த புளுகத்தில் துள்ளல். அடுத்த நாளே அனுஷனுக்குச் சொல்லிவிட்டேன். அந்தக் கப்பின் அர்த்தம் உனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் வந்து போனாய், எனக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்.

வியாழக்கிழமை உன் அம்மா, பூமணி அன்ரி, என்னை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டா. நீ ஏன் திடீரென்று பெர்கனில் சித்தப்பா வீட்டில் நின்று படிக்கப்போனாய் என்று அவவுக்கு விளங்கவில்லையாம். றோல்ஸ் பொரித்து முன்னால் வைத்துவிட்டு, 'உனக்குச் சொல்லாமல் இருக்கமாட்டான் தம்பி. ஆரும் அடிச்சவங்களோ?' என்று கேட்டா. 'தெரியாது அன்ரி' என்று சொல்லிவிட்டு ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினேன். இரண்டு றோல்ஸைத் தின்றுவிட்டுத்தான் ஓடினேன், லோறன்ஸ்.

அடுத்த நாள் ஆன்ட்ரியாஸிடம் போய், அட்டை எடுத்ததில் களவு செய்தேன், ஆறை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் செய்தாய் என்று கேட்டார். 'சும்மா' என்றது என் வாய். காரணத்தைச் சொன்னால் உன்னைப் பற்றி வகுப்புக்கே சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் அது வெறும் குறும்பு. அவரும் குறும்பென்றுதான் சிரித்தார். ஜப்பானில் சட்டம் மாறி நூற்றைம்பது வருடமாகியும் சிலர் விலாசத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறார்கள் என்று வகுப்பில் வாசித்ததும் இதே வாய்தான்.

கெஞ்சி, வருகிற வெள்ளிக்கிழமை வகுப்பில் பேசப் பத்து நிமிடம் வாங்கியிருக்கிறேன். ஜப்பானை விட்டுவிட்டு எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அம்மா அறிந்தால் என்ன நடக்குமோ, நடக்கட்டும். உன் பெயரைச் சொல்லமாட்டேன். ஆனாலும் நிலத்தில் இருந்தவன் யாரென்று எல்லோரும் கண்டவர்கள். ஆகவே உன்னைக் கேட்கிறேன், சொல்லவா, வேண்டாமா? உன் அம்மாவிடமும் அப்படித்தான். நீ ஓம் என்றால் அவ முன்னால் போய் நின்று சொல்வேன். வேண்டாம் என்றால் வாயைத் திறக்கமாட்டேன்.

ஒரு சொல் எழுதினால் போதும். இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கேட்டால் நீ அந்த ஒரு சொல்லையும் எழுதமாட்டாய் என்று பயம்.

பெர்கனில் உனக்கு நல்ல கூட்டாளி ஒருவன் கிடைக்கட்டும். என்னைவிட நல்லவனைத் தேடுவது இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் கொஞ்சம் பிந்திக் கிடைக்கட்டும்.

முகம் காட்ட வெட்கப்படும்,
ரிசாந்