ஆறு வாக்

அன்பு ரோவினா,

அன்று பந்து வீசியது உன் தாத்தா வெர்னன், பிடித்தது என் தம்பி எல்மர், ஏவியது மேனேஜர் ஹொரேஸ், ஸ்கோர் எழுதியது நான்.

ஒன்பது இன்னிங்ஸில் ஆறு வாக், நாலு நாலு பந்தை எட்டாமல் போட்டு ஆறு பேரைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்க விட்ட கட்டுப்பாடில்லாத கை என்று எங்கள் பழைய ஆலை பேஸ்பால் டீமைப் பற்றிய புத்தகத்தில் எழுதியிருக்கிறாய். ஆறில் ஐந்து ஹொரேஸ் சொன்னதால் வேண்டுமென்றே விட்டவை.

"இவன் அடிச்சுருவான்டா, தள்ளிப் போட்டு நடக்க விடு!" என்று கத்தினான். எல்மரும் எழுந்து விலகி நின்றுதான் பிடித்தான். நோட்டில் வேண்டுமென்றே விடுவதற்குத் தனிக் கட்டம் இல்லாததால் எல்லாவற்றையும் வாக் என்றே குறித்தேன்.

தோற்றதும் ஹொரேஸ் முதலாளியிடம், "இவனுக்குக் கை நிக்கலைங்க, அனுப்பிடுங்க" என்றான். அது நிஜமா என்று முதலாளி எல்மரைக் கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றான், விலகி நின்று பிடித்தவனே.

அதோடு உன் தாத்தா பந்தைத் தொடவில்லை. புத்தகத்தைத் திருத்திவிடு. ஹொரேஸ் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டான், போகட்டும். நான் மன்னிக்காதது எல்மரை.

உன் பாட்டி