கூறை மாற்றும் வரைக்கும்

அக்கா,

பிஸ்கட் பேணியைத் திறந்தால் இன்னும் உங்கள் மணம்தான் வருகிறது. ஹெயார் ஸ்ப்ரேயும், கல்யாணக் கார்டுகளின் மூலையில் பூசிய மஞ்சளும் கலந்த மணம். அம்மா படுத்துவிட்டா. நான் குசினி லைட்டைப் போட்டுவிட்டு கணக்கீட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். அம்மா எழும்பி வந்தால் நாளைக்கு ரியூசனில் சோதனை என்று சொல்லுவேன். இந்த மாதத்தில் இது எத்தனையாவது பொய் என்று எனக்கே தெரியவில்லை.

தலைமுடியில் சிக்கு விழுந்தால் நுனியிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பீர்கள். எனக்கு நுனி எது என்றே பிடிபடவில்லை. போன வருஷத்து ஆடியிலிருந்து தொடங்குகிறேன்.

ஆடியில் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாவிட்டால் உங்களுக்கு மேக்கப்பும் இல்லை, சேலை உடுத்தி விடுகிற வேலையும் இல்லை. ஆனால் வாடகைக்கும் லைட் பில்லுக்கும் ஆடி என்றால் என்னவென்று தெரியாது. நீங்கள் பில்லில் பாதியைக் கட்டிவிட்டு வருவீர்கள். கீழே கடையில் கொப்பியில் எழுதச் சொல்லி, "ஆவணி பிறக்கட்டும் அண்ணை" என்பீர்கள். "தங்கச்சி, உம்மட ஆவணிக்கு நான் தை மாசத்தில இருந்து காத்துக்கொண்டிருக்கிறன்" என்பார் கடை அண்ணை. பிறகு பருப்பை நிறுத்துத் தருவார்.

அந்த ஆடியில்தான் நான் ரியூசன் காசு கேட்டேன். இல்லை என்றீர்கள். பேணியைத் திறந்து பார்த்தேன். மூன்று கல்யாணக் கார்டுகள், மூன்றுக்குள்ளும் ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள். "காசை ஒளிச்சு வைச்சுக்கொண்டு இல்லையெண்டு சொல்றியள். நீங்கள் கள்ளி!" என்று கத்தினேன். நீங்கள் ஏசவில்லை. மூடியை நாலு பக்கமும் அழுத்தி மூடினீர்கள். "அது எங்கட இல்லையடி. அந்தந்தக் கலியாணப் பொம்பிளையளின்ட" என்றீர்கள், அவ்வளவுதான். இரண்டு நாள் நான் உங்களோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளையும் திருப்பித் தர இப்போது வழியில்லை.

இந்த வருஷம் ஆனியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் டெங்கு என்று எழுதித் தந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் லைட் பில்லுக்குச் சிவப்பு நோட்டீஸ் வந்தது. அம்மா சேலைகளுக்கு ஃபோல்ஸ் தைத்துக் கொடுக்கிற காசு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா பேணியைத் திறந்தா. ஒரே ஒரு கார்டுக்குள் இருபத்தையாயிரம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு, ஆவணியில் கல்யாணம்.

"இது உன்ட அக்கா அந்தக் கலியாணத்துக்கு அன்பளிப்பாக் குடுக்க எடுத்து வைச்ச காசு" என்றா அம்மா. "நாங்கள் செத்தவீட்டுக்காரர். ஒரு வருஷத்துக்கு ஒரு கலியாண வீட்டு வாசலும் மிதிக்கேலாது. இனி ஆருக்குக் குடுக்கிறது? எங்களுக்குத்தான்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பொம்பிளைகளின் காசு என்று நீங்கள் சொன்னது அதுதான் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய அன்பளிப்பா என்று கூட யோசிக்கவில்லை. பதினாலாயிரம் லைட் பில்லுக்குப் போனது. எண்ணாயிரத்து ஐந்நூறு கடைக் கொப்பிக்கு. மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறை நான் கேட்டு வாங்கி ரியூசனுக்குக் கட்டினேன்.

அடுத்த கிழமை உங்கள் போன் அடித்தது. அதைத் திறக்க எனக்கு மட்டும்தான் தெரியும். "பிள்ளை, கொட்டாஞ்சேனையில இருந்து கதைக்கிறன். அட்வான்ஸ் தந்து கனநாளாப் போச்சு. மகளுக்கு ட்ரயல் மேக்கப் எப்ப?" என்று ஒரு அன்ரி கேட்டா.

அட்வான்ஸ்.

அப்போதுதான் வைகாசியில் உங்களோடு ஊசிப்பெட்டி தூக்கிக்கொண்டு வந்த கல்யாணம் ஞாபகம் வந்தது. வெளியே ஐயர் "பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று அவசரப்படுத்த, நீங்கள் வாயில் ஊசிகளைக் கடித்தபடி, பொம்பிளை மாற்றி உடுத்த வேண்டிய கூறைச் சேலையை மடித்தீர்கள். "அக்கா, நான் வடிவோ?" என்று பொம்பிளை நடுங்கிக்கொண்டு கேட்டா. "மாப்பிளை ஓடாத அளவுக்கு வடிவு" என்றீர்கள். கூறை உடுத்திப் பொம்பிளை மணவறைக்குப் போன பிறகுதான் மிச்சக் காசை உங்கள் கையில் வைத்தார்கள். திரும்பி வரும்போது த்ரீவீலரில் அந்த வீட்டுக் கார்டைத் திறந்து, அதற்குள் இருந்த காசையும் எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டீர்கள். ஏன் இவ்வளவு நாளும் எடுக்கவில்லை என்று கேட்டேன். "கூறை மாத்திற வரைக்கும் அது பொம்பிளையின்ட காசடி." நான் பலகாரப் பையில் முறுக்குத் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் பகிடி விடுகிறீர்கள் என்று நினைத்தேன்.

முற்கூட்டிப் பெற்ற காசை வருமானத்தில் சேர்க்கக்கூடாது என்று தவணைச் சோதனையில் நான் சரியாக எழுதியிருந்தேன், அக்கா. எண்பத்திரண்டு புள்ளி. பேணியைப் பார்த்தபோது அது ஏன் ஞாபகம் வரவில்லை?

அந்த அன்ரியிடம் நீங்கள் வெளியில் போய்விட்டதாகச் சொன்னேன். பிறகு மெசேஜ் வந்தது. நீங்கள் எழுதுகிற மாதிரியே "அடுத்த கிழமை பாப்பம் அன்ரி" என்று போட்டேன். மூன்று தரம் அப்படிப் போட்டேன். நேற்று, "சனிக்கிழமை நாங்களே வீட்டுக்கு வாறம்" என்று வந்தது. சனிக்கிழமை என்றால் நாளைக்கு. கதவைத் திறப்பது ஒன்றும் தெரியாத அம்மாவாகத்தான் இருக்கும்.

அதனால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். கல்யாணத்துக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்த வீடு. கேற்றடியில் நின்று, மேக்கப் அக்காவின் தங்கச்சி என்றேன்.

"உள்ள வாவன் பிள்ளை."

"இல்லை அன்ரி, இதில நிக்கிறன்."

"சப்பாத்தோட வரலாம். பெயின்ற் அடிச்ச வீடுதான், கோயில் இல்லை."

"வரக்கூடாது அன்ரி."

"ஏன் வரக்கூடாது?"

வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று. "எங்கட வீடு செத்தவீடு" என்றேன். "அக்கா செத்துப்போனா. ஆனியில."

அன்ரி கேற்றுக் கம்பியைப் பிடித்தா. "அந்தப் பிள்ளையோ? ஐயோ, என்ன வயசு!" கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தா. "அப்ப எனக்கு மெசேஜ் போட்டது ஆர்?"

"நான்."

"எடியே! இன்னும் இருவது நாள்கூட இல்லை. ஆவணியில நான் எங்க போய் ஆள் பிடிக்கிறது? அப்பவே சொல்லியிருந்தா…"

"காசு செலவழிஞ்சிட்டுது அன்ரி. லைட் பில்லுக்கு. அன்பளிப்புக் காசெண்டு நினைச்சிட்டம்."

"எப்ப தருவியள்?"

 கொப்பியில் உள்ள கணக்குகளுக்கெல்லாம் திகதி இருக்கிறது; இதற்கு இல்லை. வாயில் உங்கள் வார்த்தைதான் வந்தது. "ஆவணி பிறக்கட்டும் அன்ரி."

"ஆவணியில எனக்கெல்லோ கலியாணச் செலவு!" என்றா. பிறகு விரல் மடித்து மாதங்களை எண்ணினா. "ஐப்பசியைத் தாண்டக்கூடாது. கொம்மாவை என்னோட கதைக்கச் சொல்லு." உள்ளே போய் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொண்டு வந்து கேற்றுக்கு மேலால் நீட்டினா. "குடிச்சிட்டுப் போ. வெயில்."

பஸ் நிற்கும் இடத்துக்குக் கல்யாணப் பொம்பிளை ஓடி வந்தா. உங்கள் தலைச்சாமான் செட், அந்தச் சிவப்புக் கல் நெற்றிச்சுட்டி, அதைப் போனில் காட்டினீர்களாம். வேறு ஆள் மேக்கப் செய்தாலும் அதைத்தான் வைக்க ஆசையாம். "வாடகை ஏழாயிரம் எண்டு அந்தக் காசில கழிச்சுக்கொள்ளுவம். அம்மாக்கு மட்டும் சொல்லாதேங்கோ. செத்த ஆளின்ட சாமான் எண்டு விடமாட்டா."

ஏழாயிரம், அக்கா. ஓம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் இன்னொரு விஷயத்தை இன்னொரு ஆளுக்கு ஒளித்துக்கொண்டு திரிய எனக்கு இனி ஏலாது. "அன்ரியும் ஓம் எண்டா தாறன்" என்றேன்.

"அவ ஓம் எண்டமாட்டா."

"அப்ப வேண்டாம்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "அட்வான்ஸ் தரேக்க நான் ரெண்டாயிரம் குறைக்கச் சொல்லிக் கேட்டனான். உங்கட அக்காவும் இப்பிடித்தான் ஏலாது எண்டு தலையை ஆட்டினவ" என்றா. பஸ் வந்துவிட்டது. கண்ணீர் வருவதற்குள் ஏறிவிட்டேன்.

நான் செய்தது சரியா பிழையா என்று தெரியவில்லை. வேண்டாம் என்று சொன்னது உங்களைப் போலவா, வெறும் பயத்தினாலா என்பதும் தெரியவில்லை. ஐப்பசிக்குள் இருபத்தையாயிரம் எங்கிருந்து வரும்? காலையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். 

பஸ் காசில் மிஞ்சிய நூற்றி இருபது ரூபாயை அந்தக் கார்டுக்குள் வைத்திருக்கிறேன். பேணி மூடியை நாலு பக்கமும் அழுத்தினேன்.

இவ்வளவு நேரமும் நான் எழுதிய இந்த வெளிச்சமும் அந்தப் பொம்பிளையின் காசுதான். லைட்டை நிறுத்துகிறேன், அக்கா.