அம்மா வாசிக்காத தீர்ப்பு

அன்புச் செல்லத்துக்கு,

உன்னை மேல்முறையீட்டு நீதிபதியாக நியமித்திருக்கிறார்கள், அதுவும் அம்மா ஓய்வு பெற்ற அதே இடத்தில். சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

அம்மா கடைசியாக விசாரித்தது, ஒரு தச்சர் தன் ஆயுள் தண்டனையை எதிர்த்துப் போட்ட மேல்முறையீடு. அவர் நிரபராதி என்று தீர்ப்பும் எழுதிவிட்டாள். வாசிப்பதற்குள் வயது வரம்பு வந்துவிட்டது. விடைத்தாளைத் திருத்திய ஆசிரியர் மதிப்பெண் போடாமல் போய்விட்டால், பையன் பாஸா, பெயிலா? அப்படித்தான். வாசிக்காத தீர்ப்பு தீர்ப்பே இல்லை. புது நீதிபதி முதலிலிருந்து கேட்க வேண்டும். அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. தச்சர் சிறையிலேயே இறந்துபோனார்.

மறுநாள் காலை அவர் நம் கூடத்து ஜன்னலோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அதன்பின் தினமும்.

"பென்ஷன் வாங்குற ஜட்ஜம்மாவுக்கு எதுக்கு கேஸு?" என்று கேலி செய்து பார்த்தேன்.

"மெதுவாப் பேசுங்க, அவர் காதுல விழும்," என்றாள். அவரெதிரே தீர்ப்பை வாசித்தும் காட்டினாள். அவர் எழுந்திருக்கவில்லை. "எனக்கு இப்ப அதிகாரம் இல்லைன்னு அவருக்கும் தெரியுதுங்க," என்று அழுதாள்.

உன் நியமன உத்தரவு வந்த அன்றிலிருந்து அவர் வரவில்லை. அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறாள்.

நேற்று போனில் நீ, "அப்பா, எங்க வாசல்ல ஒருத்தர் கைகட்டி உட்கார்ந்திருக்கார். வாட்ச்மேன் யாருமே இல்லைங்கிறார்," என்றாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விரட்டிவிடாதே கண்ணு. உள்ளே கூப்பிட்டு உட்கார வை. அவர் இறந்துவிட்டாலும், அவர் மனைவி மனுப் போட்டால் வழக்கை மறுபடி எடுக்கலாமாம். பதவியேற்றதும் அதை முதலில் எடு. ஓய்வு பெற இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறதே என்று இருந்துவிடாதே. அம்மாவும் அப்படித்தான் இருந்தாள்.

இப்படிக்கு,
உன் அப்பா