ஊர் கேட்டு வந்தவர்கள்

தோஸ்த்,

பைபாஸ் ஓரத்தில் புதிதாக ஒரு தள்ளுவண்டி வந்திருக்கிறது. 'சைனீஸ் ஃபாஸ்ட் ஃபுட்' என்று சிவப்பில் எழுதி, பக்கத்தில் நெருப்பு கக்கும் பாம்பு மாதிரி ஒன்றை வரைந்திருக்கிறார்கள். வண்டிக்காரருக்கு ஊர் பக்கத்து நாட்றம்பள்ளி. நேற்று அஸர் தொழுதுவிட்டுத் திரும்பும்போது அவர் சட்டியில் வினிகரை ஊற்ற, அந்தப் புளித்த புகை மூக்கில் ஏறியது. நீ பக்கத்தில் நின்று திட்டுவது போலவே இருந்தது. "பாய், இது எங்க சாப்பாடு இல்ல. உங்க சாப்பாடு. எங்க பேர வச்சிகினு திரியுது." திட்டிவிட்டு ஒரு பிளேட் வாங்கி நீயே முழுக்கத் தின்பாய். சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கல்கத்தாவில் உங்கள் சீனர்கள் தோல் பதனிட்ட டேனரிகளை ஊருக்கு வெளியே தள்ளியபோது உன் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் கனடாவுக்குப் போனார்கள். நீ ஆம்பூருக்கு வந்தாய். தோலுக்குச் சாயம் ஏற்றும் மாஸ்டர் நீ. தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன் நான். உன்னிடம் எந்தப் பாஷையில் பேசுவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, "சலாம் பாய், சாய் மிலேகா?" என்று டீ கேட்டாயே, டேனரியே சிரித்தது. உன் அப்பாவின் டேனரியில் வேலை பார்த்த பீகார் முஸ்லிம்களின் மடியில் வளர்ந்தவன் நீ. உன் உருது என் மனைவியின் உருதுவைவிடச் சுத்தம் என்று அவளிடமே சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இறந்தவர்களை நினைக்கும் நாள் ஒன்று ஏப்ரலில் உங்களுக்கு உண்டு. உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் கிண்ணத்தில் சோறு வைத்து, நடுவில் ஊதுபத்தியைக் குத்தி வைப்பாய். இங்கே வந்த பிறகு சோற்றின் இடத்துக்குப் பிரியாணி வந்துவிட்டது. "அம்மா கோச்சிக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். "அங்க சீரக சம்பா எங்க கெடைக்கும்? ஜாஸ்தியாவே சாப்புடுவாங்க" என்றாய். பிறகு டேனரி ஆட்களுக்கெல்லாம் விருந்து. தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் பிரிவில் வேலை பார்க்கும் செல்வி உன் அம்மா படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

அப்படி ஒரு விருந்து முடிந்து, எல்லோரும் போன பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எல்லையில் சீனாவோடு சண்டை வந்தது. உங்கள் குடும்பத்தையே ரயிலில் ஏற்றி ராஜஸ்தான் பாலைவனத்து முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். "அங்க ஒருத்தரு எந்த ஊருன்னு கேட்டாரு. கல்கத்தான்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு பாய்." முகாமில் உங்களை அடித்ததைக்கூட நீ இப்படிச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிப்போனது.

பிறகு அந்த நோய் வந்தது. முகக்கவசத்துக்கு மேலே தெரிகிற உன் கண்ணைப் பார்த்தே டீக்கடையில் வெளியூர் ஆட்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். சில மாதத்தில் எல்லையில் மறுபடி சண்டை. டிவியைப் போட்டால் கத்தல். உங்கள் புத்தாண்டுக்கு வாசற்கதவில் நீ வருஷா வருஷம் ஒட்டும் சிவப்புக் காகிதத்தை நீயே கிழித்து எடுத்தாய். "பேஜார் வேணாம் பாய்" என்றாய். கதவில் பசை இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

அந்த ஆயுத பூஜையை நான் மறக்க மாட்டேன். ஊர் உன்னை ஒதுக்கினால் ஒதுக்கட்டும், நாம் மரியாதை செய்வோம் என்று செல்வியும் மற்ற பெண்களும் முடிவு செய்தார்கள். தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம்முக்குச் சந்தனம், குங்குமம். பக்கத்தில் உன் நாற்காலிக்கு மாலை. நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலில் ஒரு கிண்ணம் பிரியாணி, அதன் நடுவில் ஊதுபத்தி. "அம்மாக்கு வைக்கிறீங்களே மாஸ்டர், அதே மாறி உங்களுக்கும் வச்சிக்கிறோம்" என்றாள் செல்வி. முகமெல்லாம் பெருமை அவளுக்கு.

சோற்றில் பத்தி குத்துவது செத்தவர்களுக்கு மட்டும்தான் என்பது அங்கே உனக்கும் எனக்கும்தான் தெரியும். புகை நேராக உன் முகத்துக்கு வந்தது. நீ நாற்காலியில் உட்கார்ந்து, பத்தியைப் பிடுங்கி அணைத்து, கிண்ணத்தில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாய். "சூப்பரா இருக்குதும்மா" என்றாய். கை கழுவும் இடத்தில் என் காதில் மட்டும், "முன்னாடியே அனுப்பிட்டாங்க பாய்" என்றாய். இதையெல்லாம் நம்பக் கூடாது என்று எங்கள் மார்க்கம் சொல்கிறது. ஆனாலும் எனக்கு அன்றைக்குப் பிடித்த பயம் விடவில்லை.

அடுத்த வாரமே இரண்டு பேர் வந்தார்கள். யார், எங்கிருந்து என்று சொல்லவில்லை. உன் வீட்டில் நானும் இருந்தேன். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "சொந்த ஊரு?" என்றார்கள். நீ என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆம்பூர்" என்றாய்.

ஒருவர் சிரித்தார்.

மறு வருஷம் கோடையில் அந்த நோயே உன்னைக் கொண்டுபோனது. கனடாவுக்குப் போய்விட்ட உன் மகள் அங்கிருந்து அடக்கத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். புதைக்கிற இடத்தில் இருந்தவர், "இன்னா ஆளுங்க? எந்த ஊரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி அழுதுகொண்டே, "எங்க மாஸ்டரு. ஆம்பூரு" என்றாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். ஒரு தடவையாவது அந்தப் பதிலை ஒருவர் அப்படியே வாங்கிக்கொண்டார், ஆனால் அதைக் கேட்க நீ இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன மாதம் என் தெருவுக்கும் யாரோ வந்தார்கள். எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், அதற்கு முன்னால் எங்கே என்று வீடு வீடாகக் கேட்டார்கள். சும்மா ஒரு கணக்கெடுப்பு என்று என் மகன் சொல்கிறான். இருக்கலாம். என் தாத்தாவின் தாத்தா பாலாற்றங்கரையில் அடங்கியிருக்கிறார். எனக்கென்ன பயம் என்று அவனிடம் சத்தமாகத்தான் சொன்னேன்.

ஆனால் அன்றிலிருந்து என் மகள் வயிற்றுப் பேத்தியைத் தினமும் சாயங்காலம் எதிரே உட்கார வைத்துப் பழக்குகிறேன். பெயர், அப்பா பெயர், தெரு. யார் கேட்டாலும் தடுமாறக் கூடாது. "யாரு கேப்பாங்க, தாத்தா?" என்கிறாள். "சும்மா சொல்லும்மா. எந்த ஊரு?"

"ஆம்பூர்" என்று கத்துகிறாள். நான் வாசல் பக்கம் திரும்பி, வெளியே யாராவது சிரிக்கிறார்களா என்று காதைத் தீட்டிக் கேட்கிறேன்.