ரேக்கில் ஏறாதீர்கள்

திருவொற்றியூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தங்கப்பாண்டி அண்ணனுக்கு,

ரேச்சல் எழுதுகிறேன். ஞானபாக்கியம் அண்ணிக்கும் மகள் பெனிஷாவுக்கும் என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். இடுப்பில் பிளேட் வைத்த இடத்தில் வலி குறைந்ததா? வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு நடக்கப் பார்க்கிறீர்களாம், அண்ணி சொன்னார்கள். அவசரம் வேண்டாம். உடன்குடிக் காற்றில் உங்கள் இருமலாவது நின்றிருக்கும். இங்கே மணலிப் பக்கமிருந்து ஆலை வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

போனில் விபத்துப் பேச்சை எடுத்தாலே நீங்கள் பெனிஷாவின் மார்க்கைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

அன்று குடோனில் நடந்தது உங்களுக்கும் எனக்கும் சூப்பர்வைசர் சுப்புராயன் சாருக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ரேக்கின் மூன்றாவது தட்டில் பிளாஸ்டிக் கிழிந்து டைல்ஸ் பெட்டி ஒன்று வெளியே சாய்ந்து நின்றது. ஆளை ஏற்றும் இரும்புக் கூண்டு பக்கத்து குடோனில் பூட்டிக் கிடந்தது. வாசலில் டிரெய்லர்கள் எண்ணூர் ரோடு வரை வரிசையில் நின்றன. "ரெண்டு நிமிச வேலம்மா, காலி பேலட்ல நிக்க வெச்சு தூக்கி வுடு" என்றார் சார்.

ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோர்க்கில் ஆளை ஏற்றக்கூடாது என்று பயிற்சியில் முதல் நாளே சொல்லித் தந்தார்கள். தெரிந்தேதான் லீவரை இழுத்தேன். முடியாது என்று சொன்னால், பொம்பளையிடம் வண்டி கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள் என்று பயம். பத்தடி உயரத்தில் நீங்கள் ஓரமாக நின்று பெட்டியை இழுத்தபோது பேலட் பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. உங்கள் கை ரேக் கம்பியைத் தேடியதைப் பார்த்தேன். நான் லீவரைத் தொடுவதற்குள் விழுந்துவிட்டீர்கள்.

கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தவர்களிடம், "நானேதான் ரேக்குல ஏறினேன், கால் வழுக்கிட்டு. அந்தப் பிள்ள வண்டி பக்கத்துலயே இல்ல" என்று சொன்னீர்கள். நான் கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். விதியை மீறி ரேக்கில் ஏறியதாகச் சொல்லி உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்களே, அப்போதும் பேசவில்லை. என் வேலையைக் காப்பாற்ற உங்கள் வேலையைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

அதற்குப் பிறகு குடோனில் தூணுக்குத் தூண் "ரேக்கில் ஏறாதீர்கள்" என்று எழுதி ஒட்டினார்கள். கூண்டு பூட்டியபடியே கிடந்தது. யாருமே ரேக்கில் ஏறி விழவில்லையே அண்ணா, அந்த எழுத்து யாரைக் காப்பாற்றும்?

போன திங்கட்கிழமை ஏழாவது வரிசையில் மறுபடியும் ஒரு பெட்டி சிக்கியது. அதே அவசரம். மாரியப்பனைத் தெரியுமல்லவா, தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவாரே, இப்போது உங்கள் வேலையை அவர்தான் பார்க்கிறார். சார் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் ஒரு காலைப் பேலட்டில் வைத்துவிட்டு, தூக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார். வண்டியை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சார் சத்தம் போட்டார். "தங்கப்பாண்டி அண்ணன் ரேக்குலேர்ந்து வுழல சார். நான் தூக்கித்தான் வுழுந்தாரு" என்றேன். மாரியப்பன் காலை எடுத்துவிட்டார். அங்கிருந்து நேராகப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது என்னிடம் வண்டி இல்லை. விசாரணை முடியும்வரை லேபிள் ஒட்டுகிறேன். கேன்டீனில் என் காதுபடவே பேசுகிறார்கள். எண்ணூரிலிருந்து அனிஷா என்று ஒரு பெண் அடுத்த மாதம் வண்டிப் பயிற்சிக்கு வருவதாக இருந்தது. என்னால் அவளுக்கும் இல்லை என்று ஆகிவிடுமோ என்றுதான் கவலை. ஆனால் கூண்டு எங்கள் குடோனுக்கு வந்துவிட்டது. நேற்று மாரியப்பன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அதில் மேலே போனார். அவர் தரையில் இறங்கும்வரை நான் ஒரு லேபிளும் ஒட்டவில்லை.

நான் சொல்வது பொய் என்று சுப்புராயன் சார் எழுதிக் கொடுத்திருக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை அதிகாரி உங்களுக்குப் போன் செய்வார். நீங்கள் முன்பு சொன்னதையே சொன்னால் விஷயம் அதோடு முடிந்துவிடும். கூண்டும் பழைய இடத்துக்கே போய்விடும். அண்ணன் மறுபடியும் உன்னைக் காப்பாற்றத்தான் பார்ப்பார் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கும் அதுதான் பயமாக இருக்கிறது.

தூக்கச் சொன்னது யார் என்று சொல்லுங்கள் அண்ணா. தூக்கியது ரேச்சல் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்காக நீங்கள் இதுவரை செய்ததே போதும்.

கர்த்தர் உங்கள் எலும்புகளுக்குப் பெலன் தருவாராக. செவ்வாய்க்கிழமை உங்கள் நாவுக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
ரேச்சல்