ஆபீசர் வழியாகப் பேசியது

மார்ச் 4, செவ்வாய்

ஹால் சுவரில் மறுபடியும் எச்சில். என் முழங்கால் உயரத்துக்கு நீளமாக ஒரு கோடு. நாய் தலையை ஒரு தடவை உதறினால் போதும், சுவர், சோபா, நான் போட்டிருக்கும் உடை எதுவும் மிஞ்சாது. துடைத்துவிட்டு, வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குப் போனேன். மாலையில் வந்தால் பக்கத்துச் சுவரில் இன்னொரு கோடு.

வீட்டில் புல்டாக் வளர்க்கிறோம் என்றால் கடையில் எல்லாரும் ஆசையாகக் கேட்கிறார்கள். வளர்ப்பது நான் இல்லை. அவர்.

மார்ச் 5, புதன்

பின்னாளில் அவர் கதையை மாற்றிச் சொல்வார். அதனால் நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

அவர் வேலையை விட்டது போன நவம்பரில். வயதாகி வந்த ஓய்வு இல்லை, தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாத்தனார்தான் போனில் சொன்னாள். "அண்ணி, அண்ணன் இனிமே வீட்லதானாமே? ஜாலிதான் போங்க!" மருந்துக் கடையில் நாலு பேர் வரிசையில் நிற்க, போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் கல்லாக நின்றேன்.

கேட்டால், "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

மறுநாள் இதைக் கொண்டுவந்தார். சிமெண்ட் மூட்டைக்கு நாலு கால் முளைத்த மாதிரி ஒன்று. மூக்கு உள்ளே போய், கீழ்ப்பல் வெளியே வந்து, யார் மேலோ தீராத குறையோடு பார்க்கும் முகம். "பேரு ஆபீசர்" என்றார். "நான் ஆபீஸ விட்டுட்டேன். வீட்டுக்கு ஒரு ஆபீசர் வேணும்ல?"

நான் சிரிக்கவில்லை. அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினேன்.

மார்ச் 9, ஞாயிறு

பேசாமல் குடும்பம் நடத்துவது எப்படி என்று யாராவது கேட்டால் சொல்லலாம். வழி இருக்கிறது. நாய் இருக்கிறது.

"ஆபீசர், கேஸ் தீந்துபோச்சுன்னு உங்க ஐயாகிட்ட சொல்லு."

"ஆபீசர், நேத்தே புக் பண்ணியாச்சுன்னு சொல்லு. எல்லாத்துக்கும் நம்மளையே குறை சொன்னா எப்படின்னும் கேளு."

அது எங்கள் இருவருக்கும் நடுவில் மனிதர்களைப் போலப் பின்பக்கம் ஊன்றி உட்கார்ந்து, பேசுகிற ஆளை மாறி மாறிப் பார்க்கும். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு ஒரு நாற்றம். ஜன்னலைத் திறக்க இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அவர் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். ஜன்னல் திறக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மூக்குக்கு மேலே இருக்கும் மடிப்பைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புண் வரும். இவர் துடைக்கிறார், ஒற்றுவதில்லை. பாதி வேலை. எதிலும் பாதி வேலை.

இன்று நானே செய்தேன். நாய்க்காக இல்லை. அந்த வாடை தாங்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சொறிந்து சொறிந்து வயிறெல்லாம் சிவந்துவிட்டது. டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தார். வந்ததும் ஹாலில் நின்று, வேண்டுமென்றே சத்தமாக: "ஆபீசர், காலைல சாப்பாட்டோட ஒரு மாத்திரை. என்ன மாத்திரைன்னு சந்தேகம்னா, இந்த வீட்டுல மருந்துக் கடைக்காரங்க இருக்காங்க, கேட்டுக்கோ."

அவர் குளிக்கப் போனபோது அட்டையைப் பார்த்தேன். ஸ்டீராய்டு. சரியான மருந்துதான்.

மார்ச் 21, வெள்ளி

சோபாவுக்கு அடியில் பெருக்கும்போது இரண்டு மாத்திரைகள் கிடந்தன. நனைந்து, கடிபடாமல், முழுசாக. துப்பியிருக்கிறது. இவருக்கு ஒரு நாய்க்கு மாத்திரை கொடுக்கத் துப்பில்லை. ஒன்பது மணிக்கு எழுந்து காபி குடிக்கிற மனிதர் அதற்குச் சாப்பாடு போடுவதே எப்போதோ. விடிந்ததும் சமையலறை வாசலில் படுத்துக்கொண்டு என் காலையே பார்க்கிறது.

கடையிலிருந்து அதே மாத்திரை ஒரு அட்டை வாங்கி வந்தேன். நாளையிலிருந்து நான் கிளம்புவதற்கு முன் அவித்த முட்டைக்குள் வைத்துக் கொடுத்துவிடுவேன். அவரிடம் சொல்ல வேண்டுமா? எதற்கு? அவர் என்ன எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டா செய்கிறார்?

மார்ச் 22, சனி

முட்டையும் மாத்திரையும் ஒரே விழுங்கு. ரொட்டியும் கொடுத்தேன். போகும்போது என் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நகரமாட்டேன் என்றது. எச்சில் செருப்போடுதான் கடைக்குப் போனேன்.

மார்ச் 30, ஞாயிறு

சொறிவது நின்றுவிட்டது. அவர் போனில் தங்கையிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "நான் பாத்துக்கிட்டதுலதான் குணமாச்சு." எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அடிச்சுக்கோ, நல்லா பெருமை அடிச்சுக்கோ.

ஏப்ரல் 3, வியாழன்

நடையில் மூத்திரக் குளம். மிதியடி நனைந்து கிடக்கிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்துவிட்டு மறுபடி பாத்திரத்தை நக்குகிறது.

"ஆபீசர், உங்க ஐயாவைச் சீக்கிரமா எந்திரிச்சு உன்னைக் கீழ கூட்டிட்டுப் போகச் சொல்லு. வீடா இது, பாத்ரூமா?"

"ஆபீசர், கண்டபடி தண்ணிய ஊத்தி வைக்கிறது யாருன்னு திருப்பிக் கேளு."

ஏப்ரல் 8, செவ்வாய்

வயிறு தொங்குகிறது. இரண்டு எட்டு வைத்தால் நின்று இரைக்கிறது. எந்த நேரமும் பசி. என் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கிவிட்டது. இப்படி ஒரு பேராசை பிடித்த பிராணியை நான் கண்டதில்லை. கொண்டுவந்தவர் மாதிரியே.

ஏப்ரல் 12, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் கடையிலிருந்து வந்தேன். கரண்ட் இல்லை. ஃபேன் இல்லை, வீடு அடுப்பு மாதிரி. ஹால் தரையில் அது ஒருக்களித்துக் கிடந்தது. மூச்சு வரவில்லை, அறுபடுகிற சத்தம்தான் வருகிறது. நாக்கு — நாக்கு நாவல்பழ நிறம். அவர் பக்கத்தில் மண்டிபோட்டு விசிறிக்கொண்டிருந்தார். அட்டையால்! வெறும் காலண்டர் அட்டையால்!

பெட்ஷீட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்து வந்து விரித்தேன். "தூக்கு" என்றேன்.

நவம்பருக்குப் பிறகு நான் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. 'ங்க' கூடப் போடவில்லை. தூக்கினார்.

கரண்ட் இல்லாததால் லிஃப்ட்டும் இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து படி. அவர் முன்னால், நான் பின்னால்.

"மெதுவா, மெதுவா! சுவத்துல இடிக்குது!"

"நீ கொஞ்சம் மேல தூக்கு, எல்லா வெயிட்டும் எம்மேல வருது!"

"என் கையே பிச்சுக்கிட்டு போகுது, பேசாம இறங்குங்க!"

"திரும்பணும்ல, சொல்லாம எப்படித் திரும்புறது?"

இரண்டாம் மாடியில் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும்.

டாக்டர் சின்னப் பெண். உடனே ஆக்ஸிஜன் வைத்து, காலெல்லாம் தண்ணீர் விட்டு, ஊசி போட்டார். நாக்கு மெல்லச் சிவந்தது. அப்புறம்தான் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு மாசத்துல இவ்ளோ எடை எப்படி? காலைல சாப்பாடு யாரு போடுறது?"

"நான்" என்றோம். இருவரும்.

டாக்டர் எங்களைப் பார்த்தார். "மாத்திரை?"

"நான்." மறுபடி இருவரும். அவர் குரல் பாதியில் நின்றது.

"ரெண்டு பேருமா? இது ஸ்டீராய்டும்மா. தண்ணி அதிகமாக் குடிச்சானா? பசி, இரைப்பு?" நான் தலையசைத்தேன். எல்லாம் அந்த மருந்தின் பக்கவிளைவுகள். தினம் யாருக்காவது சொல்லிக் கொடுக்கிறேன், டபுள் போட்டுடாதீங்க என்று. எனக்குத் தெரியாதா? தெரியும். பேராசை என்று எழுதினேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டர்.



ஏப்ரல் 13, ஞாயிறு

மருத்துவமனையில் வைத்திருக்கிறார்கள். இன்னும் தேறவில்லை, இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலி.

"நான் வாழைப்பழத்துல வெச்சுக் கொடுத்தேன்" என்றார் அவர். "முதல் ரெண்டு நாள் துப்புனான். அப்புறம் பழகிட்டான். நீ அவனைத் தொடவே மாட்டன்னு நினைச்சேன்."

"நீங்க ஒன்பது மணிக்கு எந்திரிக்கிறவரு. கொடுக்கவே மாட்டீங்கன்னு நினைச்சேன்."

பிறகு நான் கேட்டேன். ஐந்து மாதமாகக் கேட்காமல் வைத்திருந்தது.

"வேலைய விடுறத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

"அதுக்குத்தான் சொல்லணும்! நான் வேண்டாம்னு சொல்லணும், நீங்க ஏன் வேணும்னு சொல்லணும், நாம சண்டை போடணும். அதைக்கூட எனக்குக் கொடுக்காம உங்க தங்கச்சிகிட்ட போய்..."

கம்பவுண்டர் வந்து, சத்தம் போடாதீங்க, உள்ளே பூனைக்குத் தையல் நடக்கிறது என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆபீஸ்ல ஒருநாள் காலைல படியேற முடியல. கால் வலி இல்ல. ஏற முடியல, அவ்வளவுதான். அதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை நவம்பரில் சொல்லியிருந்தால் என்ன?

ஏப்ரல் 15, செவ்வாய்

பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாதாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டுமாம். "உன் கோவம் மாதிரியா?" என்றார் லிஃப்ட்டில். நான் முறைத்தேன். அது எங்கள் இருவரின் கால் மேலும் சரிசமமாக எச்சில் விட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலைச் சாப்பாடும் மாத்திரையும் இப்போது அவர் பொறுப்பு. ஏழு மணிக்கே எழுந்திருக்கிறார். இன்று மடிப்பைத் துடைத்துவிட்டு ஒற்றாமல் விட்டுவிட்டார். கேட்டேன். ஒற்றினேன் என்றார். தொட்டுப் பார்த்துவிட்டு, பொய் என்றேன். சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தது ஹாலுக்கு வந்தது, அங்கிருந்து நவம்பருக்குப் போனது, நாத்தனாருக்குப் போனது, எங்கள் கல்யாணத்துக்கே போய்விட்டு மறுபடி மூக்கு மடிப்புக்கு வந்தது.

நடுவில் நாத்தனார் போன். "என்ன அண்ணி, வீட்ல ஒரே சத்தமா இருக்கு?"

"உங்க அண்ணன்கிட்ட பேசிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன்.

ஆபீசர் வழக்கம்போல நடுவில் வந்து உட்கார்ந்து இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்தார். பால்கனிக்குப் போய்க் காற்று வரும் பக்கம் படுத்து, குறட்டை விடத் தொடங்கினார்.